அறுபத்து நான்காவது கிண்ணம்

சனிக்கிழமை இரவே ஊற்றி வைத்துவிடுவேன்.
சுண்டுவிரல் உயரக் கிண்ணங்கள், திராட்சைச் சாறு.
பன்னிரண்டு வருடமாய்
எண்ணிக்கை என் கைக்கே தெரியும்.
இந்த மாதமும் அறுபத்து நான்கு ஊற்றி
தட்டை மூடிய பிறகுதான் உறைத்தது:

டெல்மார் இல்லை.

ஆர்கன்சாவில் ஆகஸ்ட் மாதம்
பருத்திக்காடு மூச்சு விடாது.
கவுண்டிச் சிறையும் அப்படித்தான் இருந்திருக்கும்.
கட்டாத அபராதம் நூற்றெண்பது டாலர்.
அதற்கு மூன்று இரவு.
இன்சுலின் கேட்டிருக்கிறான்.
எங்கள் நிறத்தில் ஒருவன் வலிக்கிறது என்றால்
அதற்கு அங்கே வேறு பெயர்:
நடிப்பு.
அறிக்கையில் இரண்டே சொல்,
இயற்கை மரணம்.

இயற்கை.
போன வருடம் ஆறு கரை தாண்டி
எங்கள் தெருவுக்குள் மட்டும் வந்ததே,
அதையும் அப்படித்தான் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சபையிலிருந்து
கோழியும் சோறும் வந்தது.
நல்ல மனிதர்கள்தான், உப்புகூடச் சரியாக இருந்தது.
மூடியில் ஒட்டிய சீட்டில்
மன்னிப்பு உங்களை விடுவிக்கும் என்று
அழகான கையெழுத்து.
பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டேன்.
சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
பூட்டியவனிடம் அல்லவா
சாவியைக் கேட்க வேண்டும்?

எங்கள் ஆட்கள் எதுவும் எழுதவில்லை.
சகோதரி ஓராலீ வந்து பட்டாணி உரித்தாள்,
ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு படி.
மூப்பர் டிரம்மண்ட் என்னைக் கேட்காமலேயே
புல் வெட்டிவிட்டுப் போனார்.
கர்த்தருடைய சித்தம் என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

அன்றிரவு ஜெபித்தேன்,
அதை ஜெபம் என்று சொல்லலாமென்றால்.
சிலுவையில் தாகம் என்றவரே,
உமக்குக் காடியாவது கொடுத்தார்கள்.

இவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கடைசிப் பெஞ்சில்
ஒரு வெள்ளைக்காரப் பெண்.
ஜன்னலோரம், டெல்மாரின் இடம்.
தெரிந்து உட்கார்ந்திருக்க மாட்டாள்.
எங்கள் அட்டை விசிறிகள் ஒவ்வொன்றாய் நின்றன.
தட்டோடு நான் அங்கே போனபோது
எனக்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.
கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்,
எட்டாய் மடித்தது.
பெயர் நோரீன் ஹாக்கிட். சிறையில் இரவுப் பணி.

பதினொன்று நாற்பது.
ஒன்று பதினைந்து.
மூன்று ஐந்து.

மூன்று தடவை கேட்டான், என்றாள்.
மூன்று தடவையும் எழுதினேன்.
எழுந்து மட்டும் போகவில்லை.
வியாழக்கிழமை நீதிபதி முன்னால் சொல்லப்போகிறேன்,
அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வந்தேன்.

தட்டில் ஒரு கிண்ணம் மீதியிருந்தது.
கையை நீட்டினால் போதும்.
பார்ப்பவர்கள் அழுதிருப்பார்கள்,
போதகர் அதை வைத்து நான்கு வாரம் பிரசங்கித்திருப்பார்.

நான் நீட்டவில்லை.
போ என்றும் சொல்லவில்லை.
வியாழன் எத்தனை மணிக்கு, என்று கேட்டேன்.
ஒன்பதுக்கு, என்றாள்.
ஓராலீ தன் பெரிய உடம்பை
ஒரு சாண் நகர்த்தி உட்கார்ந்தாள்,
பாட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்தாள்.
பக்கத்தைத் திருப்பும்போது
அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

மதியம் கிண்ணங்களைக் கழுவினேன்.
அந்த ஒன்றைக் கொட்டவும் மனமில்லை,
குடிக்கவும்.
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
செவ்வாய்க்குள் எறும்பு கண்டுபிடித்துவிட்டது.

வியாழன் எட்டு மணிக்கு
சபையின் வேன் முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்தது.
டிரம்மண்ட் டயரை எட்டி உதைத்துப் பார்த்தார்.
வேலைக்கு விடுப்புச் சொன்னவர்கள், சொல்லாதவர்கள்,
கைக்குழந்தையோடு ஒருத்தி.
ஏறுகிறவர்களை எண்ணத் தொடங்கியது என் விரல்.
பாதியில் மடக்கிக்கொண்டேன்.
இன்னும் ஆட்கள்
வந்துகொண்டிருந்தார்கள்.